அரிவாளின் பதம்

மும்பையில் மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழர் பலர், ஊரிலிருந்து கொண்டுவந்த அரிவாள்மனையை இன்றும் போற்றி வைத்துள்ளனர். அரிவாளுக்குப் பெயர்பெற்ற ஊர், சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி. கையால் வடித்த அலகின் உறுதி உலையில் மட்டுமன்றி, அதைத் தேய்க்கும் முறையிலும் அமைகிறது.

கொல்லர் எஃகைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து, மெல்ல ஆறவிடுவார். அப்போது அது மென்மையாக இருப்பதால் அரத்தால் தேய்க்க இயலும். வெட்டும் விளிம்பில் ஆழ்ந்த கீறல்கள் எஞ்சக்கூடாது. ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சிவந்த அலகை நீரிலோ எண்ணெயிலோ தோய்க்கும்பொழுது, அக்கீறல்களில் வெடிப்பு எளிதில் தோன்றும். விளிம்பு மிக மெலிந்திருந்தால் அலகு கோணும். ஆதலால் சிறிது கனம் விட்டுவைப்பர்.

தோய்த்த அலகு மிகக் கடினமானது. அதில் அரம் வழுக்கும். ஆனால் அது எளிதில் உடையும் என்பதால், மீண்டும் மிதமாகச் சூடாக்க வேண்டும். அதற்குமுன் கரிய செதிலை உப்புத்தாளால் தேய்த்து நீக்குவர். இஃது அழகுக்காக மட்டும் அன்று. 200 பாகையைக் கடந்தபின் தோன்றும் வைக்கோல் மஞ்சள் நிறம், பளிச்சிடும் பரப்பில்தான் தெளிவாகத் தெரியும். அதுவே பதம். 300 பாகையளவில் நீலம் படர்ந்தால் விளிம்பு மென்மையாகும். கூர் நெடுநாள் நிலைக்காது.

சாணை பிடிக்கும்போதும் அலகு சூடேறும். எனவே அடிக்கடி நீரில் நனைக்க வேண்டும். அவசரத்தால் நீலம் பாய்ந்த அலகு, மறுபடியும் உலைக்கே செல்ல நேரும்.