ஒரு முழங்காலை நம்பி

சுந்தரரைச் சிவன் மணப்பந்தலில் தடுத்து, அடிமை ஓலை காட்டி ஆட்கொண்டதாகப் பெரியபுராணம் சொல்லும் வழக்கு முடிந்த ஊர் திருவெண்ணெய்நல்லூர். இளைஞர் ஒருவரைக் காலத்துக்கும் எழுதி வாங்கலாமா என்ற கேள்வி இன்று பல வருட ஒப்பந்தமாகக் கபடிக் களத்தில் நிற்கிறது.

2022 புரோ கபடி லீக்கில் தமிழ் தலைவாஸ் அணி, ரைடர் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அதுவரை அந்த லீக் காணாத தொகை. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி. அந்த சீசனே அவருக்கு முடிந்தது. ரைடு பொறுப்பைத் தோளில் சுமந்தவர் அறிமுக இளைஞர் நரேந்தர். 200க்கும் மேற்பட்ட ரைடு புள்ளிகள்! அணி முதல்முறையாக அரையிறுதி பார்த்தது.

இப்படி ஒருவர் கிடைத்தால் விடவே கூடாது. ஆனால் ரைடரின் காலைக் கொஞ்சம் கவனியுங்கள். போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு கால் ஊன்றும்போது மறுகால் அந்தரத்தில் இருக்க வேண்டும். உடம்பின் பாரம் முழுக்க ஒரே முழங்காலில். அந்த நொடியில்தான் மூன்று நான்கு பேர் பாய்ந்து பிடிப்பார்கள். பல வருடத்துக்கு ஒப்பந்தம் போடுகிற அணி, சுமையைப் பங்குபோட இன்னொரு ரைடரையும், நல்ல பிசியோவையும் சேர்த்தே தர வேண்டும்.

காணும் பொங்கலுக்குக் கபடி ஆடும் நம்ம ஊர்த் தம்பிகளே, முழங்கால் வலித்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.