துருக்கி யார் பக்கம்?

உக்ரைன் போர் தொடங்கி நான்கு நாள் கழித்து, 2022 பிப்ரவரி 28 அன்று, துருக்கி தன் நீரிணைகளைப் போர்க்கப்பல்களுக்கு மூடியது. மத்தியதரைக் கடலில் இருந்த ரஷ்யக் கப்பல்களுக்குக் கருங்கடல் வழி அடைபட்டது. ஏப்ரலில் ரஷ்யாவின் கருங்கடல் படைக்குத் தலைமைக் கப்பலாக இருந்த ‘மாஸ்க்வா’ உக்ரைன் ஏவுகணை பட்டு மூழ்கியது. அதே வகைக் கப்பல்கள் ரஷ்யாவிடம் இன்னும் இரண்டு இருந்தன. இருந்தும் ஒன்றைக்கூட அதற்குப் பதிலாக உள்ளே கொண்டுவர முடியவில்லை.

அப்படியானால் துருக்கி உக்ரைன் பக்கமா? 2024 ஜனவரியில் பிரிட்டன் உக்ரைனுக்குக் கொடுத்த இரண்டு கண்ணிவெடி அகற்றும் கப்பல்களையும் இதே துருக்கி அதே நீரிணை விதியைக் காட்டித் தடுத்தது.

1952 முதல் துருக்கி நேட்டோ உறுப்பினர். அந்தக் கூட்டணியில் அமெரிக்காவுக்கு அடுத்தபடியாகப் பெரிய படை அதனுடையதுதான். ஆனால் எரிவாயுவில் பெரும் பங்கு ரஷ்யாவிலிருந்து வருகிறது. அக்குயுவில் அணுமின் நிலையம் கட்டுவது ரஷ்ய நிறுவனம். உக்ரைனுக்கு ட்ரோன் விற்றது, ரஷ்யா மீது மேற்கு நாடுகள் போட்ட பொருளாதாரத் தடையில் சேரவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஐரோப்பாவில் எரிச்சலோடு பேசுகிறார்கள். ஆனால் துருக்கித் தலைநகர் அங்காராவின் கணக்கு அத்தனை குழப்பமானது இல்லை. யாரும் தன் கையைக் கட்டிப்போடக் கூடாது என்பதுதான் அது. அதற்குக் கொடுக்கும் விலை மட்டும் அங்காரா ஒப்புக்கொள்வதைவிட அதிகம் என்பது என் எண்ணம்.

முதலில் அந்த நீரிணை விதி. 1936இல் சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரூ நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் அது. போஸ்பரஸ் நீரிணை மிகக் குறுகிய இடத்தில் சுமார் 700 மீட்டர் அகலம்தான். இஸ்தான்புல் கரையோர வீட்டு ஜன்னலுக்கு எதிரே எண்ணெய்க் கப்பல் நகர்ந்து போகும். அமைதிக் காலத்தில் சரக்குக் கப்பலுக்குத் தடை இல்லை. போர்க்கப்பலுக்கு விதி வேறு. கருங்கடலில் கரை இல்லாத நாட்டின் போர்க்கப்பல் 21 நாளுக்கு மேல் உள்ளே தங்கக் கூடாது. அப்படிப்பட்ட கப்பல்களின் மொத்த எடைக்கும் வரம்பு உண்டு. துருக்கி கலந்துகொள்ளாத போரில் மோதும் நாடுகளின் போர்க்கப்பல்கள் கடக்கவே கூடாது. தன் தளத்துக்குத் திரும்பும் கப்பலுக்கு மட்டும் விலக்கு. அமெரிக்கக் கடற்படை கருங்கடலில் குடியேற முடியாது. போர்க்காலத்தில் ரஷ்யக் கடற்படை விருப்பம்போல் வந்துபோகவும் முடியாது. ஒருமுறை வாஷிங்டனுக்காக விதியைத் தளர்த்தினால் மறுமுறை மாஸ்கோ வந்து வாசலில் நிற்கும். அதனால்தான் ஒப்பந்தத்தில் ஒரு எழுத்தைக்கூட துருக்கி அசைய விடுவதில்லை.

யாரையும் முழுதாக நம்பாத இந்தச் சந்தேக புத்திக்கு வயது அறுபதுக்கு மேல். 1964இல் சைப்ரஸ் தீவில் கிரேக்கர்களுக்கும் துருக்கியர்களுக்கும் மோதல் முற்றியபோது துருக்கி படை அனுப்பத் தயாரானது. ஜூன் 5 அன்று அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனிடமிருந்து பிரதமர் இஸ்மத் இனோனுவுக்குக் கடிதம் வந்தது. நாங்கள் கொடுத்த ஆயுதத்தை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. நீங்கள் போய் சோவியத் ஒன்றியம் தலையிட்டால் உங்களைக் காக்கும் கடமை நேட்டோவுக்கு உண்டா என்பதே யோசிக்க வேண்டிய விஷயம். கடிதத்தின் சாரம் இதுதான். துருக்கி நின்றுவிட்டது, மறக்கவில்லை.

பத்தாண்டு கழித்து, 1974 ஜூலையில், யார் சம்மதத்துக்கும் காத்திராமல் சைப்ரஸில் இறங்கியது. மறுநாளே ஒரு விபரீதம். துருக்கி விமானங்கள் தங்கள் நாட்டு நாசகாரிக் கப்பலான ‘கோஜாதெபே’யைக் கிரேக்கக் கப்பல் என்று நினைத்துக் குண்டுபோட்டு மூழ்கடித்தன. ஐம்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். கிரேக்கக் கடற்படையிடமும் அதே அமெரிக்க வகைக் கப்பல்கள் இருந்தன. மேலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. விமானத்துக்கும் கப்பலுக்கும் இடையே ஒழுங்கான தொலைத்தொடர்பும் இல்லை. 1975இல் அசெல்சான் என்ற மின்னணு நிறுவனம் தொடங்கியதற்கு இந்த அனுபவம் ஒரு முக்கியக் காரணம். ராணுவத்துக்கு ரேடியோ செய்வதுதான் அதன் முதல் வேலை. சைப்ரஸில் இறங்கியதற்காக அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றம் துருக்கிக்கு ஆயுதம் விற்பதை நிறுத்தியது. தடை 1978 வரை நீடித்தது. ஒரே கடையில் கணக்கு வைத்தால் கடைக்காரர் வைத்ததுதான் சட்டம் என்பது அங்காராவுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

இனி ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணை விவகாரம். தொலைதூர வான்பாதுகாப்பு ஏவுகணை துருக்கியிடம் இல்லை. அமெரிக்காவின் பேட்ரியாட்டைக் கேட்டது. விலையிலும் தொழில்நுட்பம் தருவதிலும் பேச்சு இழுத்தது. 2013இல் சீன ஏவுகணையைத் தேர்ந்தெடுத்து, நேட்டோ முகம் சுளித்ததும் 2015இல் கைவிட்டது. அந்த நவம்பரில் சிரியா எல்லையில் ஒரு ரஷ்யப் போர் விமானத்தையே சுட்டு வீழ்த்தியது. ரஷ்யாவோடு ஜென்மப் பகை என்றுதான் அன்று எல்லோரும் நினைத்தார்கள்.

2016 ஜூலை 15 இரவு எல்லாம் மாறியது. அங்காராவுக்கு அருகிலுள்ள அகின்ஜி விமானத் தளத்தை, ஆட்சியைக் கவிழ்க்க முயன்ற ராணுவக் கலகக்காரர்கள் கைப்பற்றினார்கள். எஃப்-16 விமானங்கள் நாட்டின் நாடாளுமன்றத்தின் மீதே குண்டு வீசின. கலகம் தோற்றது. மேற்கு நாடுகள் ஆதரவு சொல்லத் தாமதித்தன, ரஷ்ய அதிபர் புதின் முந்திக்கொண்டார் என்பது துருக்கி அதிபர் எர்டோகன் தரப்பின் மனக்குறை. 2017 டிசம்பரில் சுமார் 250 கோடி டாலருக்கு ரஷ்யாவின் எஸ்-400 வாங்க ஒப்பந்தம் உறுதியானது. 2019 ஜூலை 12 அன்று முதல் பாகங்கள் வந்து இறங்கிய இடம், முர்தெத் என்று பெயர் மாற்றப்பட்டிருந்த அதே அகின்ஜி தளம். சொந்த விமானப்படை மீதுள்ள பயத்தில் வாங்கிய ஏவுகணை இது என்று சில ஆய்வாளர்கள் சொல்வதுண்டு.

ஐந்தே நாளில் அமெரிக்கா துருக்கியை எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்து வெளியேற்றியது. எதிரி ரேடாரில் எளிதில் சிக்காமல் பறப்பதுதான் அந்த விமானத்தின் உயிர். ரஷ்ய ரேடாருக்குப் பக்கத்திலேயே அது தினமும் பறந்தால் அதன் அடையாளம் சிறுகச் சிறுகப் பதிவாகிவிடும் என்பது அமெரிக்காவின் வாதம். துருக்கிக்கு நஷ்டம் சின்னது இல்லை. 100 விமானம் வாங்கத் திட்டமிட்டு, சுமார் 140 கோடி டாலர் செலுத்தியும் இருந்தது. அந்த விமானத்தின் 900க்கும் மேற்பட்ட பாகங்களைத் துருக்கி நிறுவனங்கள் செய்துகொண்டிருந்தன. 2020 டிசம்பரில் துருக்கியின் ஆயுதக் கொள்முதல் துறை மீது அமெரிக்கத் தடையும் வந்தது. (இந்தியாவும் 2018இல் அதே எஸ்-400ஐ வாங்க ஒப்பந்தம் போட்டது, தடை வரவில்லை. இந்தியா நேட்டோவிலும் இல்லை, எஃப்-35 திட்டத்திலும் இல்லை. வீட்டுக்குள் இருப்பவருக்குத்தான் கட்டுப்பாடு அதிகம்.)

மிரட்டிப் பேரம் பேசுவதிலும் துருக்கிக்குக் கைதேர்ந்த பழக்கம் உண்டு. நேட்டோவில் சேர ஸ்வீடன் விண்ணப்பித்த பிறகு ஒப்புதல் தராமல் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இழுத்தடித்தது. 2024 ஜனவரி 23 அன்று துருக்கி நாடாளுமன்றம் சம்மதித்தது. மூன்றே நாளில், 2,300 கோடி டாலர் மதிப்புள்ள எஃப்-16 விற்பனைக்கு அமெரிக்க அரசு பச்சைக்கொடி காட்டியது.

சொந்தத் தயாரிப்புதான் விடுதலை என்று துருக்கியில் பெருமையாகப் பேசுவார்கள். பைரக்தார் டிபி2 ட்ரோன் லிபியாவிலும் கராபாக்கிலும் உக்ரைனிலும் பேர் வாங்கியது உண்மை. ஆனால் மூடியைத் திறந்து பாருங்கள். அதன் கேமரா கனடாவிலிருந்து வந்தது. 2020இல் அஜர்பைஜானும் ஆர்மீனியாவும் மோதிய கராபாக் போரில் அது பயன்பட்டது தெரிந்ததும் கனடா ஏற்றுமதியை நிறுத்தியது. அந்த இடத்தை அசெல்சான் கேமரா நிரப்பியது. அரைநூற்றாண்டு முதலீடு அங்கே பலன் கொடுத்தது. என்ஜினில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. பாகிஸ்தானுக்கு 30 தாக்குதல் ஹெலிகாப்டர் விற்க 2018இல் ஒப்பந்தம் போட்டது துருக்கி; ஹெலிகாப்டரின் என்ஜினுக்கு அமெரிக்கா ஏற்றுமதி அனுமதி தராததால் வியாபாரமே போயிற்று. அல்தாய் டாங்கிக்கு ஜெர்மன் என்ஜின் கிடைக்காமல் தென் கொரியாவுக்குப் போனார்கள். 2024 பிப்ரவரியில் முதல்முறை பறந்த உள்நாட்டுப் போர் விமானமான ‘கான்’ இரண்டு அமெரிக்க என்ஜின்களில்தான் பறந்தது. அவற்றுக்கான உரிமம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் சிக்கிக் கிடக்கிறது என்று 2025இல் வெளியுறவு அமைச்சர் ஹகான் ஃபிதானே சொல்லிவிட்டார்.

எஃப்-35 வேண்டுமானால் எஸ்-400 துருக்கியின் கையில் இருக்கவே கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். திருப்பிக் கொடுத்தால் ரஷ்யாவோடு மனக்கசப்பு, வைத்திருந்தால் விமானம் இல்லை. எனவே 2025 அக்டோபரில் பிரிட்டனிடமிருந்து 20 யூரோஃபைட்டர் டைஃபூன் வாங்க 800 கோடி பவுண்டுக்குக் கையெழுத்திட்டது. ஜெர்மனி நெடுநாள் மறுத்து, அந்த ஜூலையில்தான் இறங்கிவந்தது. அந்த விமானத்தைப் பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் ஆகிய நான்கு நாடுகள் சேர்ந்து செய்கின்றன. நாலு பேரும் தலையசைத்தால்தான் விற்பனை.