முதிர்ந்த கால்களின் விலை

பேஸ்பால் ஆட்டத்திலே, எதிரணியின் பந்து வீச்சாளர் கையை ஓங்கும் கண நேரத்தைப் பயன்படுத்தி, 90 அடி தொலைவிலுள்ள அடுத்த தளத்திற்கு ஓடிச் சேர்ந்துவிடும் சாகசத்திற்குத் ‘தளத் திருட்டு’ என்று பெயர். இவ்வித்தையில் வல்லவரான வெளிக்கள ஆட்டக்காரர் ஒருவர் வயது முதிர்ந்தபின் வந்து நின்றால், அவரை ஒப்பந்தம் செய்துகொள்வது விவேகமா என்பது அமெரிக்கக் குழு நிர்வாகிகளை வாட்டும் பிரச்சினை.

ஐயத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. யௌவனத்தோடு வந்த வேகம் யௌவனத்தோடே விடைபெறுவது சிருஷ்டி நியதி. அன்றியும், நான்கு முயற்சிகளில் ஏறத்தாழ மூன்றிலாவது ஜயம் கிட்டாவிடில், திருட்டின் லாபத்தைவிட ஆட்டமிழப்பின் நஷ்டமே மிகுதியாகிவிடும்.

ஆயினும் 1998-இல், தளத் திருட்டில் வல்லவரான 39 வயது வெளிக்கள ஆட்டக்காரர் ரிக்கி ஹெண்டர்சனை ஓக்லண்ட் குழு மீண்டும் அழைத்துக்கொண்டபோது, அவருடைய அடிச் சராசரி ஆயிரத்திற்கு 236 என்று தாழ்ந்திருந்த போதிலும், எல்லை தவறிய பந்துகளைத் தொடாமல் விடும் பொறுமையினாலேயே 118 முறை முதல் தளத்தை இலவசமாகப் பெற்று, 66 தளங்களைத் திருடி, 13 முறை மட்டுமே பிடிபட்டு, அமெரிக்கன் லீகில் திருட்டில் முதன்மை எய்தினார். குழுவோ தன் பிரிவில் கடைசியாகவே நின்றது. தனியொருவரின் கால்கள் ஒரு குழுவைச் சுமந்துவிட முடியாதல்லவா?

ஆகவே, நிர்வாகி ஆராய வேண்டியது ஓட்டத்தின் வேகத்தை மட்டுமன்று. தளத்தை அடையும் பொறுமை எஞ்சியிருக்கிறதா என்பதையே. முதல் தளத்தை எட்டாதவருக்கு இரண்டாவதைத் திருடும் பாக்கியம் ஏது?