பழைய பைலைப் புதிய புரோகிராம் படிக்குமா?

சொந்தமாக வெப்சைட் வைத்திருப்பவர்கள் அதை வேறு சர்வருக்கு மாற்றும்போது, எழுதியவை அனைத்தையும் ஒரே பைலாக எடுத்துப் புதிய இடத்தில் ஏற்றலாம். அந்த பைலைப் பத்திரப்படுத்தி, சில ஆண்டுகள் கழித்து ஏற்றினால்? அதற்குள் புரோகிராம் மாறியிருக்கும். பழைய பைலை அது படிக்குமா?

படிக்கும்படி புரோகிராமை எழுதுவதைத்தான் பேக்வேர்ட் கம்பாட்டிபிலிட்டி என்கிறோம். 2003ல் வெளியான வேர்ட்பிரஸ் இதற்கு நல்ல உதாரணம்.

வேர்ட்பிரஸ்ஸில் டூல்ஸ் மெனு சென்று எக்ஸ்போர்ட் கொடுத்தால், உங்கள் கட்டுரைகளும் பக்கங்களும் ஓர் எக்ஸ்.எம்.எல். பைலாகக் கிடைக்கும். இந்த பைல் வகைக்கு டபிள்யூ.எக்ஸ்.ஆர். என்று பெயர். பைலுக்குள்ளேயே அதன் பதிப்பு எண் இருக்கும். பைலை ஏற்றும் இம்போர்ட்டர் புரோகிராம் இந்த எண்ணைத் தேடும்; இல்லையென்றால் பைலை ஏற்காது.

1.0 பதிப்பு பைலில், எழுதியவர் பெயர் அந்தந்தக் கட்டுரையுடன் மட்டுமே இருந்தது. 1.1 பதிப்பில், எழுதியவர்களின் பெயரும் இமெயிலும் தனிப் பட்டியலாகச் சேர்ந்தன. இம்போர்ட்டர் பட்டியலை மட்டும் நம்பினால், பழைய பைலில் உள்ள கட்டுரைகளை யார் எழுதியது என்பது தெரியாமல் போகும். எனவே, பட்டியல் இல்லாவிட்டால் ஒவ்வொரு கட்டுரையிலிருந்தும் பெயரைத் திரட்டிக்கொள்ளும்படி அதை அமைத்திருக்கிறார்கள். புதிய வழி வந்தாலும் பழைய வழியை அடைக்கவில்லை.

புதிய பைலைப் பழைய இம்போர்ட்டரில் கொடுத்தால்? தனக்குத் தெரிந்ததைவிடப் பெரிய எண்ணைக் கண்டால், அப்டேட் செய்யும்படி எச்சரிக்கும்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை:

1. பைலை ஏற்றும் முன் இம்போர்ட்டரை அப்டேட் செய்திடுங்கள்.

2. பைலை நோட்பேடில் திறந்து பார்க்கலாம். எதையும் மாற்றி சேவ் செய்திட வேண்டாம்.

3. படங்கள் இந்த பைலுக்குள் இருக்காது. அவற்றின் முகவரி மட்டுமே இருக்கும். ஏற்றும்போது அதற்கான கட்டத்தில் டிக் செய்தால், பழைய சைட்டிலிருந்து இம்போர்ட்டர் அவற்றை டவுன்லோட் செய்யும். அந்த சைட்டை மூடிவிட்டால் எந்த கம்பாட்டிபிலிட்டியும் படங்களை மீட்டுத் தராது. ஆகவே, புதிய சைட்டில் எல்லாப் படங்களும் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே பழைய கணக்கை மூடுங்கள்.