மூன்று செப்டம்பர்களில் முடிந்த ஆட்டம்

திருப்பூருக்குப் பனியன் தொழில் கல்கத்தா வழியாக வந்தது. 1920-களில் குலாம் காதர் சகோதரர்கள் அங்கே பின்னல் தொழிலைப் பார்த்துவிட்டு வந்துதான் இங்கே முதல் கம்பெனியைத் தொடங்கினார்கள். நூறு வருடமாக அந்தத் தொழில் நிலைத்து நிற்கிறது. ஆனால் அதே கொல்கத்தாவில் பிறந்த ஒரு பெண்கள் டென்னிஸ் போட்டி மூன்றே வருடத்தில் முடிந்துவிட்டது.

2005 செப்டம்பர். ஐடிசியின் பிஸ்கட் பெயரைத் தாங்கிய சன்ஃபீஸ்ட் ஓபன், நேதாஜி உள்ளரங்கத்தில் தொடங்கியது. வெளியே மழைக்காலம், உள்ளே கூரை இருந்ததால் கவலை இல்லை. சானியா மிர்சா அந்த வருடம்தான் ஹைதராபாத்தில் பட்டம் வென்று, அமெரிக்க ஓபனில் 4-ஆவது சுற்று வரை போயிருந்தார். அவர் போட்ட வாசக டி-ஷர்ட்கள் பேச்சாயின. உடையைக் கண்டித்து எதிர்ப்பு கிளம்ப, கொல்கத்தாவில் போலீஸ் காவலோடு ஆடினார். அந்த முறை பட்டம் ரஷ்யாவின் மிஸ்கினாவுக்கு. 2006-இல் மார்ட்டினா ஹிங்கிஸ், அரையிறுதியில் சானியாவை வீழ்த்திக் கோப்பையை எடுத்தார். இரட்டையரில் லீசல் ஹூபரோடு சானியா வென்றார். 2007-இல் கிரிலென்கோ. அத்தோடு சரி. 2008 அட்டவணையில் கொல்கத்தா இல்லை. அந்த வருடம் செரீனா வில்லியம்ஸ் வென்ற பெங்களூரு போட்டியும் அதோடு நின்றது.

ஒரே பையரை நம்பி மெஷின் வாங்கிப் போட்டவர்களுக்கு இது புரியும். ஆர்டர் நின்றால் டேபிள் காலி. கூரை மழையைத்தான் தடுக்கும். பணம் போடுகிறவர் எழுந்து போவதைத் தடுக்காது.

இன்று? பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூடிஏவின் டூர் போட்டி இந்தியாவுக்குத் திரும்ப 14 வருடம் ஆனது. 2022-இல் அரசு ஆதரவோடு சென்னை ஓபன் நுங்கம்பாக்கத்தில், திறந்தவெளியில் நடந்தது. செக் நாட்டு லிண்டா ஃப்ருவிர்தோவா வென்றார். அடுத்த இரண்டு வருடம் போட்டி இல்லை. 2025-இல் மறுபடி நடந்தபோது தொடக்க நாட்களை மழை கெடுத்தது. கோப்பை இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென்னுக்குப் போனது.

ஆனால் ஒரு மாற்றம் நிஜமானது. அன்று நம்பிக்கையெல்லாம் சானியா என்ற ஒருவர் மேல். 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த டபிள்யூடிஏ 125 போட்டியில், பக்கத்துக் கோவையின் 15 வயது மாயா ராஜேஷ்வரன் அரையிறுதிக்குப் போனார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வேண்டியது எப்போதாவது நடக்கும் திருவிழா அல்ல, வருடா வருடம் தேதி தவறாத போட்டி. கொல்கத்தாவால் கொடுக்க முடியாமல் போனது அதைத்தான். சென்னையும் இன்னும் கொடுத்துவிடவில்லை.