மனத்தின் நோய்க்கும் மருத்துவம் உண்டு, காப்பீடும் உண்டு

காய்ச்சல் கண்டால் இரண்டாம் நாளே மருத்துவரைத் தேடிச் செல்கிறோம். ஆனால் வாரக்கணக்கில் உறக்கம் கெட்டு, எதிலும் நாட்டமின்றி, காரணம் புரியாத அச்சத்தோடு நாள்களைக் கடத்துபவர் பெரும்பாலும் எவரிடமும் வாய் திறப்பதில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாகக் கண்டறிந்தது. நோயின் வகைக்கேற்ப அவர்களுள் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்பது அதனினும் கவலை தரும் செய்தி.

இந்தத் தயக்கத்திற்கு மூன்று காரணங்களைக் கூறலாம். இது நோய்தானா என்ற ஐயம் ஒன்று. யாரிடம் செல்வது என்ற அறியாமை மற்றொன்று. செலவையும் ஊர்ப்பேச்சையும் பற்றிய அச்சம் மூன்றாவது. இம்மூன்றுக்கும் இன்று விடை உண்டு.

வருத்தம் எது, நோய் எது?

உறவினர் மறைவு, வேலையிழப்பு, பிள்ளையின் தேர்வுத் தோல்வி ஆகியவற்றால் மனம் கலங்குவது இயல்பு. நாள்கள் செல்லச் செல்ல அக்கலக்கம் தணியும். அவ்வாறு தணியாமல், இரண்டு வாரங்களுக்கு மேல் ஏறத்தாழ நாள்தோறும் மனம் சோர்ந்திருந்தாலோ, முன்பு மகிழ்ச்சி தந்தவற்றில் நாட்டம் அற்றுப் போனாலோ, உறக்கமும் பசியும் மாறினாலோ, அன்றாடப் பணியே மலையாகத் தோன்றினாலோ, அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நம்மவரிடையே இது உடலின் குறையாகவும் வெளிப்படும். நெஞ்சு படபடப்பு, தலைபாரம், ஓயாத அசதி என்று பல மருத்துவர்களைப் பார்த்தும், பரிசோதனைகளில் எக்குறையும் தென்படாதபோது மனநலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 'வாழ்வதில் பொருளில்லை' என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருத்தல் கூடாது. அன்றே உதவி நாட வேண்டும்.

யாரிடம் செல்வது?

உளவியல் ஆலோசகர் நம் இடர்களைக் கேட்டு, அவற்றைக் கையாளும் வழிகளை நம்மோடு சேர்ந்து ஆராய்பவர். மருத்துவ உளவியலாளர் முறையான மதிப்பீடும் உளவழிச் சிகிச்சையும் அளிப்பவர். மனநல மருத்துவர் மருத்துவப் பட்டத்துடன் அத்துறையில் மேற்படிப்பும் முடித்து, மருந்து எழுதித் தரும் தகுதி உடையவர். மனச்சோர்வுக்கான மருந்துகள் பயன் தரச் சில வாரங்கள் ஆகும். ஒரு வாரத்தில் குணமில்லை என்றோ, சற்று நலமானதும் இனித் தேவையில்லை என்றோ தாமாக நிறுத்திவிடுதல் தவறு.

ஐரோலியின் தொழிற்பேட்டையிலும் தகவல் தொழில்நுட்ப வளாகங்களிலும் பணியாற்றும் தமிழர் பலர் இரவுப் பணி, நெடிய ரயில் பயணம், வீட்டுக்கடன் தவணை ஆகியவற்றை ஒருங்கே சுமப்பவர்கள். ஊரில் இருந்தால் தாய்மாமனோ அத்தையோ முகத்தைப் பார்த்தே விசாரித்துவிடுவார்கள். அடுக்ககத்தில் அந்த வாய்ப்பு அரிது. அலுவலகத்தில் இந்தியும் மராத்தியும் சரளமாகப் பேசுபவருக்கும் தம் துயரைச் சொல்லத் தாய்மொழியே வேண்டியிருக்கிறது. 2022 அக்டோபர் 10ஆம் நாள், உலக மனநல நாளன்று, மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையில் தமிழிலும் பேசலாம். எண் 14416. கட்டணமில்லை, இரவும் பகலும் இயங்கும். நேரில் செல்ல விரும்புவோர்க்கு, தாணேயில் 1901 முதல் இயங்கிவரும் அரசு மனநல மருத்துவமனை அருகிலேயே உள்ளது. தாராவி, மாட்டுங்கா வாசகர்களுக்குச் சயான் மருத்துவமனையின் மனநலப் பிரிவு எளிதில் எட்டும் தொலைவு.

சட்டமும் காப்பீடும்

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, உடல்நோய்க்கு நிகராக மனநோய்ச் சிகிச்சைக்கும் காப்பீடு அளிக்க வேண்டும் எனக் காப்பீட்டு நிறுவனங்களைப் பணிக்கிறது. மனநோய்க்குப் பாலிசியில் இடமில்லை என்று மறுக்கப்பட்ட ஒரு கோரிக்கையை விசாரித்த டெல்லி உயர்நீதிமன்றம், 2021 ஏப்ரலில், சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே இக்கடமை பொருந்தும் எனத் தீர்ப்பளித்தது. 2022 அக்டோபர் 31க்குள் எல்லாப் பாலிசிகளும் இதற்கு இணங்க வேண்டும் என ஒழுங்குமுறை ஆணையமும் அறிவுறுத்தியது.

எனினும், பாலிசியை எடுத்துச் சில விவரங்களைச் சரிபார்த்தல் நன்று. பெரும்பாலான பாலிசிகள் உள்நோயாளிச் செலவையே ஏற்கும். ஆலோசகருக்குத் தரும் கட்டணம் புறநோயாளிப் பிரிவு இருந்தால் மட்டுமே கிடைக்கும். முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. முன்மொழிவுப் படிவத்தில் சிகிச்சை விவரத்தை மறைத்தால், பின்னாளில் கோரிக்கை நிராகரிக்கப்பட அதுவே காரணமாகிவிடும்.

ஊர்ப்பேச்சை அஞ்சுவோர்க்கும் இச்சட்டம் துணை நிற்கிறது. சிகிச்சை விவரங்களை இரகசியமாகப் பேணுதல் மருத்துவரின் கடமை. மேலும், தாம் நம்பும் ஒருவரைப் பிரதிநிதியாக முன்கூட்டியே நியமித்து வைக்கலாம். வங்கிக் கணக்கின் நியமனதாரர் நம் காலத்துக்குப் பின் செயல்படுபவர். இப்பிரதிநிதியோ நாம் வாழும்போதே, முடிவெடுக்க இயலாத வேளையில், சிகிச்சை முடிவுகளில் உடனிருப்பவர்.

கடன் மனத்தை அழுத்தும்போது

பணக்கவலையும் மனச்சோர்வும் ஒன்றையொன்று வளர்ப்பவை. உறக்கமின்மையால் பணியில் கவனம் குறைகிறது. வருவாய் குறைய, தவணை நிலுவையாகிறது. நிலுவையை மனைவியிடமோ கணவரிடமோ மறைப்பதால் சுமை இரட்டிக்கிறது. இத்தகைய நிலையில் முதல் தவணை தவறுவதற்கு முன்பே கிளை மேலாளரைச் சந்தியுங்கள். தவணைக் காலத்தை நீட்டிப்பது போன்ற வழிகளை விதிகளுக்கு உட்பட்டு ஆராய அப்போது இடமிருக்கும். கணக்கு வாராக்கடனான பின் அவ்வழிகள் சுருங்கிவிடும். நிலுவை வசூலிக்கும் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ தொலைபேசியில் அழைத்தல் கூடாது என ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியுள்ளது. மீறினால் வங்கியிடம் எழுத்துமூலம் புகார் அளிக்கலாம்.

வீட்டில் ஒருவர் வழக்கத்திற்கு மாறாக ஒதுங்கியிருந்தால், அறிவுரை கூறுவதற்கு முன் அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். மருத்துவரிடம் முதன்முறை செல்லும்போது உடன் செல்லுங்கள். 14416 என்ற எண்ணை இன்றே குடும்பத்தார் அனைவரின் கைப்பேசியிலும் பதிவு செய்து வையுங்கள்.