மழைக்கால மலைப்பாதைக்கு ஏற்ற மிதிவண்டி டயர்

நண்பர்களே, மிதிவண்டி டயரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நானும் ஒருகாலத்தில் நினைத்தவன்தான். 2023 நவம்பரில் ஒரு ஞாயிறு காலையில் அந்த எண்ணம் மாறியது. முந்தின இரவு நல்ல மழை. கோலாலம்பூர் புக்கிட் கியாராவில் ஓர் இறக்கத்தில், பாதையின் குறுக்கே கிடந்த மரவேரில் முன்சக்கரம் வழுக்கியது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. தேர்வுக்கு இரண்டு வாரமே இருந்ததால், ஒரு பாடத்தை அடுத்த பருவத்திற்குத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று.

கையில் கட்டோடு இருந்த நாட்களில் டயரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். பெரும்பாலான கட்டுரைகள் குளிர்நாட்டுக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. குளிரில் ரப்பர் இறுகிவிடும். பனிக்கட்டியில் ஓட்ட இரும்பு ஆணி பதித்த டயர் வேண்டும். நமக்கோ அந்தக் கவலை இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் கொட்டும் மழைதான் நமது ‘குளிர்காலம்’.

மழைக்காலப் பாதையில் நமக்கு இரண்டு எதிரிகள். ஒன்று சேறு, மற்றொன்று ஈரமான வேர். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

சேற்றை வெல்வது டயரின் ‘பூ’. முண்டுகள் உயரமாகவும், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டும் இருந்தால், மண்ணைக் கவ்வும்; சக்கரம் சுழலும்போது ஒட்டிய சேறும் உதிர்ந்துவிடும். நெருக்கமான பூ உள்ள டயரில் செம்மண் களி அப்பிக்கொண்டு, டயரே வழவழப்பாகிவிடும்.

வேரில் பூ பயன்படாது. ஈரமான வேருக்குள் எந்த முண்டும் இறங்காது. அங்கே பிடிப்பது ரப்பரின் மென்மைதான். இந்த மென்மையை ‘ஷோர் ஏ’ என்ற அளவால் குறிப்பார்கள்; எண் குறையக் குறைய ரப்பர் மென்மையாகும். 60க்கு மேல் என்றால் கடினம். தேயாமல் நாள்பட உழைக்கும். 50க்குக் கீழே என்றால் நன்றாகப் பிடிக்கும். ஆனால் சீக்கிரம் தேயும்.

இதை எனக்கு எளிதாகப் புரியவைத்தவர் என் பாட்டி. தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவியவர். வீட்டு வாசலில் கிடந்த என் சைக்கிள் டயரை நகத்தால் அழுத்திப் பார்த்து, “என்னய்யா இது, கல்லு மாதிரி இருக்கு? இது எப்படி மண்ண புடிக்கும்?” என்றார். கடைக்குப் போனால் நீங்களும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்.

அடுத்தது காற்று. விழுந்த அன்று என் டயரில் 50 பி.எஸ்.ஐ. இருந்தது. அவ்வளவு இறுக்கமான டயர் வேரின் மேல் படியாமல் துள்ளும். என் எடை 65 கிலோ. டியூப் உள்ள டயருக்கு இப்போது முன்னால் 26, பின்னால் 29 வைக்கிறேன். மிகவும் குறைத்தால் கல்லில் மோதும்போது டியூப் நசுங்கிப் பஞ்சராகும். டியூப் இல்லாத டயரில் இன்னும் சற்றுக் குறைக்கலாம். அதற்குள் ஊற்றும், ஓட்டை அடைக்கும் திரவங்கள் பலவற்றில் இருப்பதும் அமோனியா கலந்த ரப்பர் பால்தான். மூடியைத் திறந்ததுமே பாட்டிக்கு அந்த வாடை தெரிந்துவிட்டது!

இரண்டு டயரையும் மாற்றக் கையில் பணம் இல்லாவிட்டால், முன் டயரை மட்டும் மாற்றுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி ஆடும், பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் விழுவதுதான். நான் வாங்கியது 2.4 அங்குல மென்ரப்பர் டயர் ஒன்று. பின்னால் பழைய டயரே ஓடுகிறது. இன்னும் அகலமாக வாங்க நினைப்பவர்கள், முள்கரண்டிக்கும் டயருக்கும் இடையே ஒரு விரல் நுழைகிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிடும்.

எவ்வளவு நல்ல டயர் போட்டாலும் வேரைச் சாய்வாகக் கடக்காதீர்கள். நேராக, பிரேக் பிடிக்காமல் கடந்து செல்லுங்கள்.

புக்கிட் கியாராவும் ஒருகாலத்தில் ரப்பர் தோட்டம்தான். கை குணமாகி மறுபடியும் அங்கே போனபோது, என்னை விழவைத்த அதே வேரை மெதுவாகக் கடந்தேன். டயர் வழுக்கவில்லை. விட்ட பாடத்தையும் அடுத்த பருவத்தில் எழுதி முடித்தேன். ஆனாலும் நண்பர்களே, தேர்வு நெருங்கும்போது மழை பெய்தால், சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்!